சர்ப்பகந்தி கற்பித்த பாடம்

சிகந்தராபாத் நகருக்கு வடக்கே சில கல் தொலைவில் அமைந்தது போலாரம். நிஜாம் சிகந்தர் ஜாவின் பெயரால் 1806ஆம் ஆண்டில் சிகந்தராபாத் என்னும் படையூர் தோன்றியது. அதன் பின்னர்ச் சென்னைப் படையைச் சேர்ந்த தமிழ்ச் சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து கணக்கர்களும் வணிகர்களும் இப்பகுதிக்கு வந்தனர். வந்தவர்களுட் பலர் திரும்பவில்லை; இங்கேயே வீடு கட்டினர், கோயில் எடுத்தனர், பிள்ளைகளுக்குத் தமிழும் தெலுங்கும் உருதும் கலந்த ஒரு வாழ்வை அளித்தனர். ஹைதராபாத் கண்டின்ஜென்ட் என்ற படையின் தலைமையிடமாக இருந்த போலாரமும் இவ்வரலாற்றில் பங்கு கொண்டது.

இவ்வூரில் 1860ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற மாளிகை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ஆங்கில அரசின் ரெஸிடெண்டு தங்கியிருந்த அம்மாளிகை, நாடு விடுதலை பெற்ற பின்னர் இராஷ்டிரபதி நிலையம் ஆயிற்று. தென்னாட்டிற்கு வரும்போது குடியரசுத் தலைவர் தங்கும் இல்லம் அதுவே. 2023ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் ஆண்டு முழுவதும் அதனைப் பார்வையிடலாம். அவ்வளாகத்திலுள்ள மூலிகைத் தோட்டத்தில் சந்தனம், மஞ்சள், சோற்றுக்கற்றாழை, வெட்டிவேர் முதலியன நம் கண்ணுக்கு உடனே அறிமுகமாகும். அவற்றின் இடையே சர்ப்பகந்தி என்னும் சிறு செடியும் இடம் பெற்றுள்ளது. பெரும்பாலோர் அதனைக் கடந்து சென்றுவிடுவர். ஆயினும் மனத்தைப் பற்றிய மருத்துவத்தின் போக்கையே மாற்றிய செடிகளை எண்ணினால், இதற்கு முதல் வரிசையில் இடம் தருதல் வேண்டும்.

மனச்சோர்வு இன்று எவ்வளவு பரவியுள்ளது என்பதை நேயர்கள் அறிவார்கள். உலக நல நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 28 கோடி மக்கள் அந்நோயால் வருந்தினர். இதற்கு மூலிகையில் மருந்து உண்டா என்ற கேள்வி எங்கும் கேட்கப்படுகிறது. உண்டு என்று அடித்துச் சொல்வோரும் உளர்; எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளுவோரும் உளர். இவ்விரு சாராரும் சர்ப்பகந்தியின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தல் நலம். அந்த வேர் மனச்சோர்வைப் போக்கவில்லை. சிலருக்கு அதனை உண்டாக்கியது. உண்டாக்கியதனாலேயே அந்நோயை ஆராயும் வழியையும் திறந்துவிட்டது. இவ்வரலாற்றையே இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

முதலிற் செடியைப் பார்ப்போம். சர்ப்பகந்தி அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. முழங்கால் அளவோ, இடுப்பளவோ வளரும். இலைகள் பெரும்பாலும் மும்மூன்றாகத் தண்டைச் சுற்றி அமையும். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள் கொத்தாகப் பூக்கும். காய்கள் முற்றிக் கருநிறம் அடையும். மருந்தாவது இதன் வேர். கசப்பு மிகுந்த அவ்வேர் வளைந்து நெளிந்து கிடப்பது பாம்பை நினைவூட்டும். பாம்புக் கடிக்கு அதனைக் கொடுத்த வழக்கமும் இருந்தது. தமிழில் இதற்குச் சிவன் அமல்பொடி என்ற பெயரும் வழங்குகிறது. தெலுங்கில் பாதாளகந்தி என்பர். யுனானி ஹகீம்கள் அஸ்ரோல் என்பர். வட இந்தியச் சிற்றூர்களில் இதனைப் பைத்தியத்திற்கு மருந்து என்ற பொருள்படும் சொல்லாலேயே அழைத்தனர்.

மேலைநாட்டுத் தாவர நூல்களில் இதற்கு அமைந்த பெயர் ரௌவோல்ஃபியா ஸெர்பென்டினா என்பது. ரௌவோல்ஃப் என்பவர் பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த மருத்துவர். 1573ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுகள் மேற்கு ஆசிய நாடுகளில் மூலிகை தேடி அலைந்தவர். இந்தியாவிற்கு அவர் வந்ததே இல்லை. அவருக்குப் பின் நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து, பிரெஞ்சுத் தாவர அறிஞர் ப்ளூமியே அவர் நினைவாக இப்பெயரைச் சூட்டினார். நம் நாட்டு மருத்துவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த செடி, அதனைக் கண்ணாலும் காணாத ஒருவர் பெயரால் உலகில் உலவுகிறது.

நம் மருத்துவர் இவ்வேரை யாருக்குக் கொடுத்தனர் என்பதைக் கவனித்தல் வேண்டும். உறக்கமின்றி அலைபவர், வெறி கொண்டு கூச்சலிடுபவர், கட்டுக்கடங்காத கிளர்ச்சியில் இருப்பவர் ஆகியோருக்கே கொடுத்தனர். வடமொழி நூல்கள் உன்மாதம் என்று கூறும் நிலை அது. வாய் பேசாமல், உண்ணாமல், ஒரு மூலையில் முடங்கிக் கிடப்பவரின் நிலை வேறு. கிளர்ந்த மனத்தை அடக்கும் பொருள், தாழ்ந்த மனத்தை மேலும் தாழ்த்தக் கூடும். எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை உலக மருத்துவம் பிற்காலத்தில் நோயாளிகளின் துன்பத்தின் வாயிலாகவே மீண்டும் கற்றுக்கொண்டது.

புதிய ஆராய்ச்சி 1931ஆம் ஆண்டில் இரண்டு நகரங்களில் தொடங்கியது. ஒன்று டில்லி. அங்கே ஹகீம் அஜ்மல் கான் நிறுவிய ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரியை 1921ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்தார். பழைய மருத்துவத்தைப் புதிய இரசாயன முறையால் சோதித்தல் வேண்டும் என்பது அஜ்மல் கானின் எண்ணம். அவர் 1927ஆம் ஆண்டிற் காலமானார். அவர் அமைத்த ஆராய்ச்சிப் பிரிவிற் பணியாற்றிய ஸலீமுஸ்ஸமான் சித்திகியும் ராஃபத் ஹுசைன் சித்திகியும் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஐந்து பொருள்களைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றிற்கு அஜ்மலின் என்று பெயரிட்டுத் தம் ஆசானின் நினைவை நிலைநாட்டினர். இதயத் துடிப்பின் கோளாறுகளை ஆராயும் மருத்துவர்கள் இன்றும் அஜ்மலினைப் பயன்படுத்துகின்றனர்.

மற்றொன்று கல்கத்தா. கவிராஜர் கணநாத சேனும் டாக்டர் கார்த்திக் சந்திர போஸும் அதே 1931ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெறிநோய்க்கும் மிகை இரத்த அழுத்தத்திற்கும் இவ்வேர் பயன்படுவதை அவர்கள் அதில் விளக்கினர். அடுத்த ஆண்டுகளில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இராம்நாத் சோப்ராவும் அவருடைய துணைவர்களும் இவ்வேரை விலங்குகளிற் சோதித்தனர். ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. டில்லியிற் பிரித்த பொருள்களால் மட்டும் வேரின் அமைதியூட்டும் ஆற்றலை விளக்க இயலவில்லை. அவ்வாற்றல் பிசின் போன்ற ஒரு பகுதியில் ஒளிந்திருப்பதை 1940களில் இந்திய ஆராய்ச்சியாளர் சுட்டினர். ஆயினும் அப்பிசினுக்குள் இருந்த பொருள் இன்னதென்பது உடனே விளங்கவில்லை.

பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் என்னும் இதய மருத்துவர் இவ்வேரின் மாத்திரையை மிகை இரத்த அழுத்தம் உள்ளோர்க்குக் கொடுத்து வந்தார். 50 நோயாளிகளிடம் தாம் கண்ட பயனை அவர் 1949ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அக்காலத்தில் மிகை இரத்த அழுத்தத்திற்குத் தக்க மருந்து எதுவும் இல்லை என்றே சொல்லலாம். இந்திய வேர் ஒன்று அதனைத் தணிக்கிறது என்ற செய்தி உலக மருத்துவர்களின் காதில் விழுந்தது. 1949க்கு முன்னரும் இந்தியர்கள் எழுதியவை உண்டு. ஆனால் அவை உள்நாட்டு இதழ்களிலேயே தங்கிவிட்டன. ஓர் உண்மை உலகை அடைவதற்கு அது எங்கே அச்சாகிறது என்பதும் ஒரு காரணமாகிவிடுகிறது.

1952ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில், ஸீபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் அந்தப் பிசின் பகுதியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தனர். அதற்கு ரிஸர்பின் என்று பெயரிட்டனர். வேரின் எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே அது. எனினும் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதிலும் மனத்தை அடக்குவதிலும் அதற்குப் பெரிய பங்கு இருந்தது. நான்கு ஆண்டுகளில் அமெரிக்க இரசாயன அறிஞர் உட்வர்டு ரிஸர்பினைச் சோதனைச் சாலையிலேயே செய்து காட்டினார். இந்தியக் காட்டில் விளைந்த வேர் இவ்வாறு மாத்திரையாகி மருந்துக் கடைகளை அடைந்தது.

நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்டு மனநோய் மருத்துவமனையில் டாக்டர் நாதன் கிளைன் என்பவர் இந்தியாவிலிருந்து வந்த செய்திகளைப் படித்துவிட்டு இம்மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை பலரையும் ஈர்த்தது. ஓயாமல் கூச்சலும் முட்டலும் மோதலுமாக இருந்த நோயாளர் பிரிவுகளில் அமைதி கண்டது. கட்டிவைத்தலும் மின்னதிர்ச்சியுமே வழியென்று எண்ணியிருந்த இடங்களில், மருந்தாலும் மனநோயைத் தணிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1957ஆம் ஆண்டின் லாஸ்கர் பரிசைப் பெற்றவர்களுள் கிளைனும் நம் வக்கீலும் இருந்தனர்.

வேருக்குப் புகழ் வந்த அதே ஆண்டுகளில் வேறு வகைச் செய்திகளும் வரலாயின. இரத்த அழுத்தத்திற்காக ரிஸர்பினை நீண்ட காலம், மிகுந்த அளவில் உட்கொண்டவர்களுட் சிலர் மெல்ல மாறினர். வேலையில் நாட்டம் இழந்தனர். அதிகாலையில் விழித்துக்கொண்டு கலங்கினர். உணவு வேண்டாம் என்றனர். தாம் வாழ்வதே வீண் என்றனர். அமெரிக்க மருத்துவர் ஃப்ரைஸ் 1954ஆம் ஆண்டிலேயே இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டுகளில் இத்தகைய அறிக்கைகள் பெருகின. உடல் நோய்க்கு மருந்து கேட்டு வந்தவர்கள் மன நோயோடு திரும்பியது மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. மருந்தை நிறுத்தியதும் பலர் தேறினர். சிலருக்குத் தனிச் சிகிச்சை வேண்டியிருந்தது.

ஒரு பொருள் மனச்சோர்வை உண்டாக்குமாயின், அஃது உடலில் என்ன செய்கிறது என்று கண்டால் சோர்வின் வேரையே தொடலாம் அல்லவா? ஆராய்ச்சியாளர் இவ்வாறுதான் எண்ணினர். நரம்பணுக்கள் தமக்குள் செய்தி அனுப்புவதற்குச் சில இரசாயனப் பொருள்களைச் சிறு பைகளிற் சேமித்து வைக்கின்றன. ஸெரடோனின், நாரட்ரினலின், டோபமின் என்பன அவற்றுட் சில. ரிஸர்பின் அப்பைகளின் வாயிலைக் கெடுத்துவிடுகிறது. உள்ளே சேரவேண்டிய பொருள் வெளியே தங்கி அழிந்துபோகிறது; களஞ்சியம் வெறுமையாகிறது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய நல ஆராய்ச்சி நிலையத்தில் ப்ளெட்ஷர், ஷோர், ப்ரோடி ஆகியோர், ரிஸர்பின் கொடுத்த விலங்குகளின் உடலிலிருந்து ஸெரடோனின் வெளியேறுவதைக் காட்டினர்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஸ்வீடன் நாட்டின் லுண்டு நகரில் ஆர்விட் கார்ல்ஸன் ஒரு சோதனை செய்தார். ரிஸர்பின் செலுத்திய முயல்கள் காது தொங்க அசைவற்றுக் கிடந்தன. டோபா என்னும் பொருளை ஊசி வழியே செலுத்தியவுடன் அவை சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. டோபாவிலிருந்து உடல் டோபமினைச் செய்துகொள்கிறது. நடுக்குவாத நோய்க்கு இன்று அளிக்கப்படும் தலையாய மருந்து இச்சோதனையின் வழியே பிறந்தது. கார்ல்ஸனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் தமிழ் மக்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்த டோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் சென்னைச் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக உயிர்வேதியியற் கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும் ஆவர். ஆண்டு 1937. பூனைக்காலி நம் சித்த மருத்துவருக்கும் ஆயுர்வேத மருத்துவருக்கும் பழகிய கொடி. அதன் காயைத் தொட்டால் ஏற்படும் நமைச்சலைக் கிராமத்துச் சிறுவர் நன்கு அறிவர். ஒரு செடியின் பொருள் முயலைக் கிடத்தியது. மற்றொரு செடியிலும் உள்ள பொருள் அதனை எழுப்பியது. இரண்டு செடிகளும் நம் மண்ணில் விளைந்தவை. இரண்டின் உட்பொருளையும் நம் நாட்டுச் சோதனைச் சாலைகள் முன்னரே ஆராயத் தொடங்கிவிட்டன.

மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் செடியிலிருந்து வரவில்லை என்பது இவ்வரலாற்றின் மற்றொரு திருப்பம். காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனையஸிட் என்ற மாத்திரை நோயாளிகளுக்கு இயல்புக்கு மீறிய ஊக்கத்தைத் தந்தது 1950களின் தொடக்கத்தில் காணப்பட்டது. சர்ப்பகந்தியால் பெயர் பெற்ற அதே நாதன் கிளைன்தான் 1957ஆம் ஆண்டில் அதனை மனச்சோர்வுக்கு மருந்தென அறிவித்தார். ஸ்விட்ஸர்லாந்தில் ரோலண்டு கூன் அதே காலத்தில் இமிப்ரமின் என்னும் மருந்தின் பயனைக் கண்டார். ஐப்ரோனையஸிட் மேற்கூறிய இரசாயனப் பொருள்கள் அழியாமற் காக்கிறது. ரிஸர்பினோ அவற்றைச் சிதறடிக்கிறது. இவ்வெதிர்ப்பைக் கண்ட அறிஞர், அப்பொருள்களின் குறைவே மனச்சோர்வு என்று கருதலாயினர். 1965ஆம் ஆண்டில் ஷில்ட்கிரௌட் அக்கருத்தை ஒழுங்குபடுத்தி எழுதினார். பின்வந்த பல மருந்துகள் அக்கருத்தைத் துணையாகக் கொண்டே ஆக்கப்பட்டன.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். உண்மை அவ்வளவு நேராக அமையவில்லை. 1955ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர்களான டேவிஸும் ஷெப்பர்டும், அச்சமும் சோர்வும் உள்ள நோயாளிகளுட் சிலர் ரிஸர்பினால் நலம் அடைந்ததாக எழுதினர். அக்குரல் ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயிற்று. 2003ஆம் ஆண்டில் பழைய அறிக்கைகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், ரிஸர்பின் உட்கொண்டவர்களுட் பலரிடம் காணப்பட்டது உண்மையான மனச்சோர்வா, மிகுந்த மயக்கமும் உடல் மந்தமுமா என்று ஐயம் எழுப்பினர். முயல் அசையாமற் கிடந்ததும் துக்கத்தால் அன்று, கைகால் இயங்காமையால் என்பதே பொருத்தம். ஸெரடோனின் குறைவதே மனச்சோர்வு என்ற எளிய விளக்கத்திற்குப் போதிய சான்று இல்லை என்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான ஆய்வொன்றும் கூறியது. மருந்துகள் பலருக்குப் பயன்படுகின்றன. அவை எவ்வாறு பயன்படுகின்றன என்பது முற்றும் விளங்கவில்லை. மனம் ஒரு பொருளின் அளவால் மட்டும் ஏறி இறங்கும் தராசு அன்று.

இனி, மனச்சோர்வைப் போக்கும் என்று இன்று பேசப்படும் செடிகளுக்கு வருவோம். இவற்றுள் மிகுதியாகச் சோதிக்கப்பட்டது ஐரோப்பாவில் புனித யோவான் பூண்டு என்று வழங்கும் மஞ்சட்பூச் செடி. காஷ்மீரம் முதலிய இமயப் பகுதிகளிலும் அது வளர்கிறது. 29 சோதனைகளையும், அவற்றிற் பங்கு கொண்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் ஒருங்கே நோக்கிய 2008ஆம் ஆண்டின் ஆய்வு, மிதமான சோர்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலானது என்றும், வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழ இணையானது என்றும் முடிவு செய்தது. எனினும் 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை ஒன்றில் அப்பூண்டும் வெற்று மாத்திரையை வெல்லவில்லை. அதனோடு ஒப்பிட்ட வழக்கமான மருந்தும் வெல்லவில்லை.

அப்பூண்டின் மற்றொரு முகம் அச்சம் தருவது. கல்லீரலைத் தூண்டி, பிற மருந்துகளை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றும் தன்மை அதற்கு உண்டு. ஸூரிச் நகரில் மாற்று இதயம் பொருத்தப்பட்டிருந்த இரு நோயாளிகள் இப்பூண்டை உட்கொண்டதனால், அவர்கள் உண்டு வந்த காப்பு மருந்தின் அளவு குருதியிற் குறைந்தது. உடல் அவ்விதயத்தை ஏற்க மறுக்கத் தொடங்கியது. இச்செய்தி 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் வலிமையையும் அப்பூண்டு குறைக்கும். மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரைகளோடு அதனைச் சேர்த்து உண்பதும் தீங்கு.

குங்குமப்பூவைத் தெஹ்ரான் மருத்துவர்கள் 2004ஆம் ஆண்டு முதல் சோதித்து வருகின்றனர். நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் அளவில் அது மிதமான சோர்வைத் தணிப்பதாகக் கண்டனர். அச்சோதனைகள் பலவும் சில பத்துப் பேரை மட்டுமே கொண்டவை. நம் மஞ்சளிலுள்ள குர்குமின் பற்றியும் சோதனைகள் நடைபெறுகின்றன. அஃது உடலில் மிகக் குறைவாகவே ஈர்க்கப்படுவது பெரிய தடை. இவற்றை நம்பிக்கை தரும் தொடக்கங்கள் என்று கூறலாம்; முடிந்த முடிவுகள் என்று கூறுதல் முறையாகாது. குழம்பில் இடும் மஞ்சளும் பாலில் இடும் குங்குமப்பூவும் சுவைக்கும் மணத்துக்கும் உரியவை. சோதனைச் சாலையில் அளந்து கொடுக்கும் பொருளை அவற்றோடு ஒன்றாக எண்ணலாகாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. மூலிகையில் மருந்துப் பொருள் உண்டு. உண்மையான வலிமையுள்ள பொருள் உண்டு. வலிமை உண்டு என்றால் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு. செடியிலிருந்து வந்தது, ஆகவே கேடு செய்யாது என்ற வாதத்தைச் சர்ப்பகந்தி ஒன்றே மறுத்துவிடுகிறது. அளவு, காலம், ஆள், நோய் ஆகிய நான்கையும் பார்த்தே மருந்து கொடுத்தல் வேண்டும் என்று நம் பழைய மருத்துவரும் வற்புறுத்தினர். அவர்கள் வெறி கொண்டவனுக்குக் கொடுத்த வேரைத் துயரத்தில் ஆழ்ந்தவனுக்கு ஊட்டுவது அவர்கள் பெயரைச் சொல்லி அவர்களுக்கே இழைக்கும் பிழை.

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. நரம்பு அமைதிக்கு, நல்லுறக்கத்திற்கு, இரத்த அழுத்தத்திற்கு என்று சர்ப்பகந்திச் சூரணமும் மாத்திரையும் இன்றும் கடைகளிற் கிடைக்கின்றன. மனச்சோர்வு உள்ளவர்க்கு உறக்கம் கெடுவது இயல்பு. உறக்கமின்மையை மட்டும் கண்டு இவ்வேரைத் தாமாக வாங்கி உண்பவர், தம் நோயைத் தாமே வளர்ப்பவராக நேரலாம். முன்பு மனச்சோர்வால் வருந்தியவர்க்கு ரிஸர்பின் தரலாகாது என்பது மருத்துவ விதி. இரத்த அழுத்தத்திற்கு இதனை உண்டுவரும் பெரியவர் திடீரென்று பேச்சுக் குறைந்து ஒதுங்கினால், வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடாமல், அவர் உண்ணும் பொருளையெல்லாம் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

செடியின் நிலையையும் ஒரு சொல் கூறவேண்டும். உலகம் முழுவதும் இவ்வேரைக் கேட்கத் தொடங்கியதும் நம் காடுகளிற் பெருமளவில் தோண்டினர். வேரைத் தோண்டினால் செடி மாய்கிறது. மேலைநாட்டு நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் வளரும் இதன் உறவுச் செடியையும் நாடிச் சென்றன. அருகிவரும் உயிர்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சர்ப்பகந்தி இன்று இடம் பெற்றுள்ளது. போலாரத்துத் தோட்டத்தைப் போன்ற இடங்களில் இதனைப் பேணி வளர்ப்பதன் அருமை இதனால் விளங்கும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு மனச்சோர்வு இன்னொரு வகையிலும் சுமையாகிறது. சந்தையில் பேசவும் அலுவலகத்தில் பேசவும் தெலுங்கோ இந்தியோ போதும். நெஞ்சில் உள்ள பாரத்தை இறக்கிவைக்க அம்மொழி போதுவதில்லை. ஊரிலிருக்கும் உறவினரிடம் சொன்னால் கவலைப்படுவர் என்று மறைப்போர் பலர். அக்கம்பக்கத்தார் அறிந்தால் இழிவு என்று மறைப்போர் வேறு பலர். இந்நிலையில் யாரோ சொன்ன சூரணத்தை வாங்குவது எளிதாகத் தோன்றுகிறது. வீட்டாரும், ஒரு மருந்து உண்கிறார் என்ற அளவில் மனநிறைவு கொண்டுவிடுகின்றனர்.

எளிதான வேறு வழி இன்று திறந்துள்ளது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் இந்திய அரசு டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்கு நாட்டின் எம்மூலையிலிருந்தும் இரவிலும் பகலிலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இரண்டு வாரத்திற்கு மேலாக உறக்கமும் உணவும் கெட்டு, முன்பு மகிழ்ந்து செய்தவற்றில் நாட்டம் அற்று ஒருவர் இருப்பாராயின், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் குடும்பத்தின் கடன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்படுமாயின் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது.

சித்த மருத்துவத்தையோ ஆயுர்வேதத்தையோ யுனானியையோ கைவிடுமாறு நாம் கூறவில்லை. சார்மினாருக்கு அருகில் நிஜாமியா யுனானி மருத்துவமனை இன்றும் நோயாளிகளைப் பார்த்து வருகிறது. பட்டம் பெற்ற வைத்தியர்கள் எல்லா நகரங்களிலும் உளர். அவர்களிடம் செல்பவர் தாம் உண்ணும் பிற மருந்துகளை மறையாமற் கூறட்டும். டாக்டரிடம் செல்பவரும் தாம் உண்ணும் சூரணத்தை மறையாமற் கூறட்டும். வேரின் ஆற்றலை அஜ்மல் கானும், கணநாத சேனும், வக்கீலும் மதித்தனர். மதித்ததனாலேயே அதனை அளந்து, சோதித்து, கண்டதை எழுதி வைத்தனர். அவ்வறிஞர்கள் காட்டிய விழிப்பை நாமும் நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கும்போது மேற்கொள்வோமாக.